மூன்றரை மூட்டை

கலையரசன் மூன்றாம் முறை சோறு கேட்டு வாங்கியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். பத்து நாளாகத் தட்டில் விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று எங்கிருந்து வந்தது இந்தப் பசி என்று கேட்டு இரண்டு அஞ்சலட்டைகள் வந்திருக்கின்றன. கேள்வி நியாயமானது. பதில்தான் அவ்வளவு நியாயமாக இருக்காது.

புதிதாக இந்த வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்கு நாலு வரி. நைனார்பாளையத்தில் லட்சுமியம்மாள் வீடு. கணவர் கண்ணாயிரம் தவறி மூன்று வருஷமாகிறது. மகன் கலையரசனுக்கு இருபத்தாறு வயது. மூன்று ஏக்கர் மரவள்ளியும் கொஞ்சம் நெல்லும் அவன் பொறுப்பு. மகள் செந்தமிழ்ச்செல்வி, வீட்டில் செல்வி. மார்ச் மாதம் பிளஸ் டூ இயற்பியலில் ஒன்பது மார்க்கில் கோட்டை விட்டவள். அக்டோபர் பரீட்சைக்காகச் சின்னசேலத்தில் டுடோரியலுக்குப் போய் வருகிறாள்.

லட்சுமியம்மாளின் தம்பி சின்னதுரை, பஸ் டிரைவர். செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு நம் பக்கமெல்லாம் ஒரு வாரம் சாலையை மறித்தார்கள் அல்லவா? அதில் நாலாம் நாள், கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த பஸ்ஸின் மேல் ஒரு கல் பட்டது. முன்கண்ணாடி உடைந்து சின்னதுரையின் இடது கண்ணில் பாய்ந்தது. கண் போய்விட்டது. அவர் மனைவி குஞ்சம்மாள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருப்பதால், ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அக்கா வீட்டுக்கு வந்து கூடத்துக் கட்டிலில் படுத்திருக்கிறார்.

கல்லை எறிந்தது யாரென்று அந்த வீட்டில் ஒருவனுக்கு மட்டும் தெரியும். அவன்தான் நேற்று மூன்று முறை சோறு வாங்கியவன்.

சாப்பிட உட்காருவதற்கு முன்னால், செல்வி புத்தகம் விரித்து வைத்திருந்த இடத்துக்கு வந்து குந்தினான்.

"செல்வி, ஒரு கணக்கு. மோட்டார் கொட்டாயில பசங்க பந்தயம் கட்டிக்கினு இருக்கானுங்க. ஒரு கல்லு, எலுமிச்சம்பழத்தவிடக் கொஞ்சம் பெருசு. அத்த ஓடுற பஸ்ஸு கண்ணாடி மேல அடிச்சா எவ்ளோ பலமா வுழும்?"

செல்விக்குச் சந்தேகம் வரவில்லை. மாமாவின் பஸ் கண்ணாடியைப் பற்றித்தான் ஊரே பேசிக்கொண்டிருந்தது. அதைவிட, இயற்பியலில் தோற்ற நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் அவளிடம் ஒரு கணக்குக்கூடக் கேட்டதில்லை. சந்தோஷமாகப் பேனாவைத் திறந்தாள்.

"கல்லோட எடையையும் வேகத்தையும் பெருக்கினா அதுக்குப் பேரு உந்தம். கண்ணாடியில பட்டதும் அந்த உந்தம் எவ்ளோ மாறுதுன்னு பாக்கணும். அது மாற எத்தினி நேரம் ஆவுதுன்னும் பாக்கணும். நேரம் கம்மியா இருந்தா அடி ஜாஸ்தி."

கல் நூற்றைம்பது கிராம் என்று வைத்துக்கொண்டாள். நல்ல கையால் எறிந்தால் வினாடிக்கு இருபது மீட்டர். பஸ் மணிக்கு ஐம்பத்து நான்கு கிலோமீட்டர் என்றால் வினாடிக்குப் பதினைந்து மீட்டர். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம், ஒரு வினாடியை ஐந்நூறு கூறாகப் போட்டால் அதில் ஒரு கூறு. கல்லின் வேகம் இருபது, பட்டபின் பஸ்ஸோடு சேர்ந்து பதினைந்து. இருபதில் பதினைந்து போனால் ஐந்து. சரசரவென்று எழுதி முடித்தாள்.

"முந்நூத்தி எழுவத்தஞ்சு நியூட்டன்."

"எனக்குப் புரியறாப்புல சொல்லு."

"முப்பத்தேழரை கிலோ பாரம் தூக்கி வெச்ச மாதிரிண்ணா."

"அப்ப அரை மூட்டை நெல்லு." கலையரசன் வாய்க்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தான். "அரை மூட்டைக்குக் கண்ணாடி ஒடையுமா?"

"நல்ல கண்ணாடி தாங்கும்னுதான் நெனைக்கிறேன்."

"முன்னாடியே விரிசல் வுட்டிருந்தா?"

"அது தொட்டாலே ஒடையும்."

அவ்வளவுதான். எழுந்து போய்ச் சோறு போடச் சொன்னான். பஸ் பழசு, கண்ணாடி ஏற்கெனவே விரிசல், என் கல் சும்மா ஒரு சாக்கு. மூன்று முறை சோறு இறங்கியது இந்த நம்பிக்கையில்தான். மனுஷனுக்குத் தப்பிக்க ஒரு சந்து கிடைத்தால் போதும், அது எலிவளையாக இருந்தாலும் நுழைந்துவிடுவான்.

இனி இன்றைக்கு வருவோம்.

வியாழக்கிழமை காலை. லட்சுமியம்மாள் மகனுக்குக் கேழ்வரகுக் களி போட்டுக்கொண்டே தன் தினசரி அர்ச்சனையைத் தொடங்கினாள்.

"கல்ல எடுத்து அடிச்சவன் கை விளங்குமா? அவன் கையில புழு வெக்க. தின்னுற சோறு அவனுக்கு ஒடம்புல ஒட்டுமா? நீ சாப்புடுடா தம்பி, இன்னும் ஒரு உருண்டை வெக்கட்டா?"

கலையரசன் வலது கையால் களியைப் பிசைந்தான். சோறு தின்பது மட்டும்தான் அவனுக்கு வலது கை. அதையும் சின்ன வயதில் அம்மா அடித்துப் பழக்கியது. மண்வெட்டி, அரிவாள், கையெழுத்து எல்லாமே இடது.

"நாளைக்கு வெள்ளிக்கெழம. விருத்தாசலத்தாண்ட கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டப் போறேன்," என்றாள் லட்சுமியம்மாள். "செல்வி, சாயங்காலம் வந்து எழுதிக் குடு."

அந்தக் கோயிலைத் தெரியாதவர்கள் நம் பக்கத்தில் குறைவு. போலீசில் எழுதிக் கொடுப்பது போலவே அங்கே சாமிக்கு எழுதிக் கொடுப்பார்கள். இன்னார், இன்ன ஊர், கோயிலிலிருந்து இத்தனை கிலோமீட்டர், எனக்கு நடந்த அநியாயம் இது. எழுதிய காகிதத்தை மடித்து முனியப்பர் முன்னால் கட்டிவிட்டு வந்தால், தொண்ணூறு நாளுக்குள் சாமி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிவிடுவார் என்பது நம்பிக்கை.

கட்டிலிலிருந்து சின்னதுரை சொன்னார். "வேணாங்க்கா. யார்னே தெரியல. யாரு மேலன்னு பிராது கட்டுவ?"

"அதக் கண்டுபுடிக்கறது அவரு வேலடா. நீ சும்மா கெட. நம்ம ராணியம்மாள் ஆடு திருடு போயி கட்டுனாளே, அங்க இருந்த ஐயரு மொத்தத்தையும் சத்தமாப் படிச்சிட்டுத்தான் கட்டச் சொன்னாராம். அதக் கேட்ட பொறவுதான் அவளுக்கு மனசு ஆறுச்சாம். எனக்கும் காது குளிரக் கேக்கணும்."

கலையரசன் இரண்டாவது உருண்டையைத் தொடாமல் எழுந்தான். ஆனாலும் 'அரை மூட்டைதானே' என்று நினைத்துக்கொண்டேதான் வயலுக்குப் போனான்.

சின்னசேலம் ரயில் நிலையத்துக்கு எதிரே, உரக்கடை மாடியில் டுடோரியல். கூட்ஸ் வண்டி போகும்போதெல்லாம் பெஞ்சு நடுங்கும். மாஸ்டர் பச்சமுத்து சார் ஒரு வழக்கம் வைத்திருந்தார். மாதிரிப் பரீட்சை வைப்பார், திருத்த மாட்டார். விடைத்தாளைப் பக்கத்து ஆளோடு மாற்றிக்கொண்டு பிள்ளைகளே திருத்த வேண்டும். "அடுத்தவன் தப்பைக் கண்டுபிடிக்கிற ஆசையில்தான் பாடம் ஏறும்," என்பார். சோம்பலுக்கு இவ்வளவு அழகான காரணம் சொன்னவரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

செல்வியின் தாள் மலர்விழி கைக்குப் போனது. மலர்விழி மலைமேல் கரியாலூர்ப் பெண். இங்கே அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறாள். ஐந்தாவது கேள்வி, கிரிக்கெட் பந்து. நூற்றைம்பது கிராம் பந்து வினாடிக்கு இருபது மீட்டர் வேகத்தில் வந்து மட்டையில் பட்டு, பதினைந்து மீட்டர் வேகத்தில் திரும்பிப் போகிறது. தொடும் நேரம் ஐந்நூறில் ஒரு வினாடி. விசை என்ன?

அண்ணனுக்குப் போட்ட கணக்கின் எண்களை இந்தப் பாடத்திலிருந்துதான் செல்வி எடுத்திருந்தாள். அதனால் யோசிக்காமல் 375 என்று எழுதியிருந்தாள். மலர்விழி அதன் மேல் சிவப்பு மையால் நீளமாக ஒரு கோடு இழுத்தாள்.

"ஏன் அடிச்ச? இருபதுல பதினஞ்சு போனா அஞ்சுதான?"

"பந்து எந்தப் பக்கமா வருது? எந்தப் பக்கமா போவுது?"

"வருது. திரும்பிப் போவுது."

"அப்ப வர்றத மொதல்ல நிறுத்தணும் இல்ல? அதுக்கே இருபது செலவாயிடும். நின்னதத் திருப்பி அனுப்பணும். அதுக்குப் பதினஞ்சு. ரெண்டையும் கூட்டணும். நீ கழிச்சிட்ட. பந்து அதே பக்கமா போயிருந்தாத்தான் கழிக்கணும்."

செல்வி தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். எதிர்த் திசைக்குப் போட வேண்டிய கழித்தல் குறியை விட்டிருந்தாள். மார்ச்சில் தோற்றதும் இப்படி ஒரு குறியால்தான். முகம் சுட்டது. குனிந்தபடியே மறுபடி போட்டாள். இருபதும் பதினைந்தும் முப்பத்தைந்து. இரண்டாயிரத்து அறுநூற்று இருபத்தைந்து நியூட்டன். முன்னால் வந்ததுபோல் ஏழு மடங்கு.

மூன்றரை மூட்டை.

"ஐயோ, எங்கண்ணன் பந்தயத்துல தோத்திருப்பான்," என்று அசட்டுச் சிரிப்பு சிரித்தாள்.

"இன்னா பந்தயம்?"

"எதுக்கால வர்ற பஸ்ஸு மேல கல்லு அடிச்சா எவ்ளோ பலம்னு கேட்டுச்சு."

மலர்விழி பேனாவை மூடினாள். "பந்தயம் கட்டற விஷயமாடீ அது? நான் அப்பிடி ஒரு பஸ்ல இருந்தேன்."

"எப்போ?"

"மறியல் அப்போ. மூணு நாளா மலையிலயே மாட்டிக்கினோம். டிரைவரு லீவுன்னு வேற ஒருத்தரு வந்திருந்தாரு. சேலம் ரூட்டு ஓட்டறவராம். நாங்க நாப்பது பேரு. நாலாம் நாளு, எறக்கி வுட்டுடறேன் வாங்கன்னு ஏத்திக்கினு கெளம்பினாரு. கீழ எறங்கி, கச்சிராயபாளையம் தாண்டினதும் ரோட்டோரமா ஒரு புளியமரத்த வெட்டிக்கினு இருந்தாங்க. நாங்க கிட்ட வரும்போதே அது சாய ஆரம்பிச்சிடுச்சி. பிரேக்கு போட்டா வண்டி நிக்கறதுக்குள்ள மரத்தடிக்கே போயிடும். அத்தினி பேரு பாரம். அதான் அவரு அழுத்தினாரு. அப்பத்தான் ஒருத்தன் ரோட்டுக்கு வந்து கல்ல வுட்டான்."

செல்வி விடைத்தாளை மடித்துக் கீழே வைத்தாள்.

"கண்ணுல ரத்தம் கொட்டுது. அப்பவும் அவரு ஸ்டேரிங்க வுடல. மரத்தத் தாண்டி ஓரங்கட்டி நிறுத்திட்டுத்தான் சாஞ்சாரு. நான் ரெண்டாவது சீட்டு. அடிச்சவன நல்லாப் பாத்தேன். பீச்சாங்கையால அடிச்சான். இன்னிக்குப் பாத்தாலும் சொல்லுவேன்."

கீழே ஒரு கூட்ஸ் வண்டி கடந்தது. பெஞ்சு நடுங்கியது. எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெருசு. பந்தயம் கட்டுகிற பசங்களுக்குக் கல்லின் அளவு எதற்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிய வேண்டும்?

"அந்த டிரைவரு எந்த ஊருன்னு தெரிஞ்சா போயி ஒரு கும்புடு போட்டுட்டு வரணும்னு எங்கம்மா சொல்லிக்கினே இருக்குது," என்றாள் மலர்விழி. "உங்க பக்கம் யாருக்காச்சும் தெரியுமா?"

'அவரு எங்க மாமா' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல வேண்டிய இடம். செல்வி சொல்லவில்லை. சொன்னால் மலர்விழி வீட்டுக்கு வருவாள். வந்தால் அண்ணனைப் பார்ப்பாள்.

"தெரியாது," என்றாள். சொந்தத் தாய்மாமனைத் தெரியாது என்று சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காக அவள் அன்றைக்கு முழுவதும் தலையை நிமிர்த்தவில்லை.

மூன்று மணிக்குக் கரண்ட் வந்ததும் கலையரசன் மோட்டாரைப் போட்டுவிட்டு வாய்க்கால் திருப்பிக்கொண்டிருந்தான். செல்வி வீட்டுக்குப் போகாமல் புத்தகப் பையோடு நேராக வயலுக்கு வந்தாள்.

"அந்தக் கணக்கு தப்புண்ணா."

"எந்தக் கணக்கு?"

"அரை மூட்டை இல்ல. மூணரை மூட்டை."

மண்வெட்டி பாதியில் நின்றது. "ராத்திரி அரைன்ன."

"பஸ்ஸு தள்ளிப் போயிருந்தாத்தான் அரை. எதுக்கால வந்தா கூட்டணும். நான் கழிச்சிட்டேன். மூணரை மூட்டைக்கு எந்தக் கண்ணாடியும் தாங்காது. புதுக் கண்ணாடியும் ஒடையும்."

"இன்னொரு தடவ போட்டுப் பாரு."

"பஸ்ஸுலயே நாலு தடவ போட்டுட்டேன்."

கலையரசன் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னான். "அப்பவும் அதுல பாதி பஸ்ஸோட வேகம்தான? எதுக்கு அம்மாம் வேகமா வரணும்? பொறுமையா வந்திருந்தா..."

அவ்வளவுதான். செல்விக்கு மீதி இருந்த சந்தேகமும் போய்விட்டது. பந்தயம் கட்டியவன் இப்படிப் பேசமாட்டான்.

"பதினஞ்சு மாமாவுது. இருபது உன்னுது," என்றாள். "மாமா எதுக்கு வேகமா வந்தாருன்னு தெரியுமா? நீங்க வெட்டுன மரம் சாஞ்சிக்கினு இருந்துச்சி. பிரேக்கு போட்டா நாப்பது பேரு மேல வுழும். அதனால அழுத்தினாரு. அந்தப் பஸ்ல இருந்த பொண்ணு என்னோட படிக்குது. நீ எந்தக் கையால அடிச்சேன்றது வரைக்கும் சொல்லுது."

அவன் இடது கை மண்வெட்டிக் காம்பில் இருந்தது. மெல்ல எடுத்துத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டான். கையை மறைத்தால் காரியம் மறையுமா? ஆனாலும் மறைத்தான்.

"மாமான்னு தெரியாது செல்வி. சத்தியமாத் தெரியாது. அவரு சேலம் பஸ்ஸுதான ஓட்டறாரு? மலை பஸ்ல இருப்பாருன்னு எவன் கண்டான்? தெரிஞ்சிருந்தா அடிச்சிருப்பனா?"

"மாமா இல்லாம வேற யாராச்சும் இருந்திருந்தா?"

அவன் வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அப்ப உனக்குச் சோறு எறங்கியிருக்கும், இல்ல?"

"நிறுத்தறதுக்குத்தான் அடிச்சேன். தகரத்துல பட்டு டங்குனு கேட்டா நின்னுடுவான்னு நெனைச்சேன். உனக்கோசரம்தான் போனேன். ஒன்பது மார்க்கு போச்சின்னு நீ அழுத. நமக்குன்னு தனியா எடம் ஒதுக்கினா உனக்கும் ஒரு காலேஜு கெடைக்கும்னு கூட்டத்துல சொன்னாங்க. மரத்த வெட்டும்போது உன் பேரத்தான் நெனைச்சிக்கினு வெட்டுனேன்."

இதைக் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று செல்விக்குத் தோன்றியது. கோபமாவது கையில் மிஞ்சியிருக்கும். இடஒதுக்கீடு கேட்டது ஒன்றும் அநியாயமில்லை. அதற்காக எத்தனையோ பேர் அந்த வாரம் உயிரைக்கூடக் கொடுத்தார்கள். ஆனால் அந்தக் கல்லில் தன் பேரும் ஒட்டிக்கொண்டு போய் மாமாவின் கண்ணில் விழுந்திருக்கிறது. நேற்று அதற்குத் தப்பாக ஒரு கணக்குப் போட்டு, அண்ணனுக்குச் சோறு வேறு ஊட்டியிருக்கிறாள். இரண்டு பேருமே வாய்க்கால் மேட்டில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

"அம்மாவாண்ட சொல்லிடுவியா?"

"சாயங்காலம் பிராது எழுதச் சொல்லியிருக்குது. நான் இன்னான்னுண்ணா எழுதறது?"

விளக்கேற்றும் நேரம். கூடத்தில் லட்சுமியம்மாள் குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்தாள். சாமிக்கு எழுதுகிற காகிதம் என்பதால் செல்வியையும் முகம் கழுவிக்கொண்டு வரச் சொன்னாள். கட்டிலில் சின்னதுரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கலையரசன் கதவோரமாக நின்றான். உள்ளே வரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை.

"எழுது. கொளஞ்சியப்பா, நைனார்பாளையம் கண்ணாயிரம் பொண்டாட்டி லட்சுமியம்மாள் எழுதிக்கறது. என் கூடப் பொறந்தவன் கண்ண ஒருத்தன் புடுங்கிட்டான். அவன் கை விளங்கக் கூடாது. தொண்ணூறு நாளுக்குள்ள அந்தக் கை சோத்துக்கும் ஆவாம, வேலைக்கும் ஆவாம..."

செல்வி 'தக்க தண்டனை தர வேண்டுகிறேன்' என்று மட்டும் எழுதினாள்.

"நான் சொன்னது இம்மாம் நீளம். நீ எழுதுனது கம்மியா இருக்குதே?"

"சுருக்கமா எழுதுனாத்தான்மா சாமிக்குப் புரியும்."

"படிச்சவ சொல்ற. சரி. அடிச்சவன் பேருக்கு எடம் வுடு. யாருன்னு தெரியாதுன்னு போட்டுடு."

பேனா காகிதத்தைத் தொட்டது. தெரியாது. காலையில் ஒரு தெரியாது சொல்லியாகிவிட்டது. இன்னொன்றை எழுத அவள் விரல் மறுத்தது. மை ஒரே இடத்தில் பொட்டு மாதிரி ஊறியது.

"இன்னாடி, தூங்கிட்டியா?"

"குடு. நான் எழுதறேன்," என்றான் கலையரசன்.

வந்து உட்கார்ந்து, தங்கை கையிலிருந்த பேனாவை இடது கையால் வாங்கினான். செல்வி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. விட்டிருந்த இடத்தில் எழுதத் தொடங்கினான். இடது பக்கம் சாய்ந்த எழுத்து, ஒவ்வொன்றாக. க. லை. ய.

"தெரியாதுன்னு எழுத இம்மா நேரமா? ஊரு, கிலோமீட்டரு எல்லாம் போட்டியா? சாமி தேடிக்கினு அலையக் கூடாது."

"போட்டுட்டேம்மா," என்றான். "எல்லாம் சரியா இருக்குது."

தகப்பன் பெயர் கண்ணாயிரம். ஊர் நைனார்பாளையம். பிராது கொடுப்பவளின் முகவரியும், பிராதில் உள்ளவனின் முகவரியும் ஒன்றேதான். எழுதப் படிக்கத் தெரியாத லட்சுமியம்மாள் காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மகனின் கன்னத்தைத் தடவி, "எங்கண்ணு," என்றாள். "மாமனுக்கோசரம் உன் கையால எழுதியிருக்க. அந்தக் கை நல்லா இருக்கணும்."

செல்வி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு வேலையும் இல்லை.

"அக்கா," என்றார் சின்னதுரை. "அத்த இங்க குடு. படிச்சிட்டுத் தரேன்."

"நீ எதுக்குடா கண்ணுக்கு வலி குடுக்கற? நாளைக்குத்தான் ஐயரு படிப்பாரே."

"ஒரு கண்ணுதான போச்சி? குடு."

எழுந்து உட்கார்ந்தார். காகிதத்தை முகத்துக்கு நேராகப் பிடிக்காமல், கொஞ்சம் வலது பக்கமாக ஒதுக்கிப் பிடித்துப் படித்தார். கலையரசன் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஓர் அறை விழுந்தால் போதும் என்று இருந்தது அவனுக்கு. மாமா எழுந்து வந்து செருப்பால் அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பான்.

சின்னதுரை கடைசி வரிக்கு வந்தார். அங்கேயே வெகுநேரம் இருந்தார். பிறகு காகிதத்தை நாலாக மடித்து அக்காவிடம் நீட்டினார்.

"சரியாத்தான் எழுதியிருக்குதுக்கா. ஒரு தப்பும் இல்ல."

லட்சுமியம்மாள் முந்தானையில் வைத்து இறுக்கி முடிச்சுப் போட்டாள். "நாளைக்கு ஐயரு சத்தமாப் படிக்கட்டும். அப்பத்தான்டா எனக்குச் சோறு எறங்கும்."

"நானும் வரேன்."

"இந்த நெலமையிலயா?"

"பாதிக்கப்பட்டவன் நானு. நான் இல்லாம இன்னா பிராது?" சின்னதுரை போர்வையை ஒதுக்கினார். "மொத பஸ்ஸு எத்தினி மணிக்கு?"

அடுப்படி வாசலில் செல்வி வந்து நின்றிருந்தாள்.

"அஞ்சே முக்காலுக்கு, மாமா," என்றான் கலையரசன். மாமா இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவரிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அது.

"அப்ப நீயும் கெளம்பு. படியேறும்போது கைய புடிச்சிக்க. எனக்கு இந்தப் பக்கம் ஒண்ணும் தெரியல. பொழக்கடைக்குப் போவணும், இப்பவே ஒரு தடவ பழகிக்கலாம் வா," என்று சின்னதுரை கையை நீட்டினார்.

கலையரசன் எழுந்தான். எந்தக் கையைக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றான்.